ஞானஸ்நானப் பெயரில் ஒரு தம்பி

சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சந்தில் யார் வீட்டுக்குச் சர்க்கார் படிவம் வந்தாலும், அது முதலில் கிளாடிஸ் டீச்சர் வீட்டுக்குத்தான் போகும். பங்கீட்டு அட்டைக்கு மனுவா, யுத்தத்துக்குப் போன பிள்ளையைப் பற்றி விசாரித்து எழுத வேண்டுமா, எல்லாவற்றுக்கும் அவள்தான். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷக் கணக்கில் கையெழுத்துச் சொல்லிக்கொடுத்து அவள் எழுத்தே அச்சு மாதிரி ஆகியிருந்தது. படிவத்தை மேலிருந்து கீழ்வரை இரண்டு தரம் விரலால் தொட்டுப் படிப்பாள். பிறகு எதிரே நிற்பவரைப் பார்த்து, "பொய் சொல்லாதே. கேக்காததையும் சொல்லாதே" என்பாள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒற்றையடிப் பாதையில் நடந்துதான் அந்தச் சந்தில் பலர் காரியம் சாதித்துக்கொண்டார்கள்.

அவள் கணவர் பிரகாசம் தியாகராய நகரில் சர்க்கார் தானியக் கிடங்கில் எடை குமாஸ்தா. வாய் ஓயாத மனிதர். காலையில் பஸ் ஏறினால் இறங்குவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்தவரின் மாமனார் ஊர் வரைக்கும் தெரிந்துகொண்டுவிடுவார். பங்குச் சாமியார் பிரசங்கம் செய்வதைப் போலவே செய்து காட்டி, பாவசங்கீர்த்தனத்தில் அதைச் சாமியாரிடமே சொல்லி மன்னிப்பும் வாங்கி வருவார்.

பிரகாசம் என்பது தெருவிலும் பள்ளிக்கூடத்திலும் வழங்கிய பெயர். கோயில் புத்தகத்தில் அவர் சவரிநாதன். அந்தப் பங்கில் பாதிப் பேருக்கு இப்படித்தான். ஞானஸ்நானத்தில் புனிதரான அர்ச்சியசிஷ்டர் ஒருவர் பெயர் விழும், வீட்டுக்கு வந்ததும் வேறொன்று ஒட்டிக்கொள்ளும், முதல் பெயர் பிறகு கல்யாணத்தன்றும் அடக்கத்தன்றும்தான் வெளியே வரும். பள்ளிக்கூடத்தில் சீக்கிரம் சேர்ப்பதற்காக அப்பா அவர் வயதில் இரண்டைக் கூட்டியும் எழுதியிருந்தார். இதெல்லாம் எந்த வீட்டிலும் நடப்பதுதான். யாரும் இதைப் பெரிதாக நினைத்ததில்லை.

1946 கடைசியில் பிரகாசத்தின் பேச்சு குறைந்தது. முதலில் பஸ்ஸில் பேசுவதை விட்டார். பிறகு வீட்டில். கிறிஸ்துமஸ் பூசைக்கு எல்லோரும் புதுத் துணி போட்டுக்கொண்டு கிளம்பியபோது கட்டில் விளிம்பில் ஒரு கால் செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். பூசை முடிந்து கிளாடிஸ் வந்தபோதும் செருப்பு கையில்தான் இருந்தது.

"இவன் நடிக்கிறான் கிளாடிஸ்" என்றாள் அவருடைய அக்கா பியாட்ரிஸ். அவள் அடுத்த வீட்டில் இருந்தாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். "சின்னதுலயே இப்பிடித்தான். பள்ளிக்கூடம் போவாம குந்திக்கினு, வயித்த வலிக்குதும்பான். ரெண்டு போட்டா எழுந்து ஓடுவான்."

"இப்போ ரெண்டு போட்டுப் பாருங்க அண்ணி."

பியாட்ரிஸ் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். கையை ஓங்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

இருமல் அதற்கு முன்பே வந்ததா, பின்பு வந்ததா என்று கிளாடிஸால் பிற்பாடு எவ்வளவு யோசித்தும் சொல்ல முடியவில்லை. பேச்சு நின்ற வீட்டில்தான் இருமல் கேட்கத் தொடங்கியது. மாசி மாதம் அவருடைய சட்டைகளெல்லாம் வேறு யாருடையவோ போலத் தொங்கின.

கிடங்கு ஊழியர்களுக்கென்று அந்த வருஷம்தான் சர்க்கார் ஒரு சுகநிதி ஏற்படுத்தியிருந்தது. சம்பளத்தில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள்; நோய் வந்தால் வைத்தியம் நிதியின் பொறுப்பு. பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் நிதியின் ஆபீசும் மருந்தகமும் இருந்தன. பெரிய வியாதிக்கு நிதி இரண்டு விடுதிகளோடு ஏற்பாடு செய்திருந்தது. அடையாற்றைத் தாண்டி ஒரு மார்பு நோய் விடுதி. கிண்டியில், குதிரைப் பந்தய மைதானத்துக்கு அந்தப் பக்கம், ஒரு மனநோய் விடுதி. இந்த ஏற்பாட்டைப் பற்றிய நோட்டீஸை கிடங்குச் சுவரில் ஒட்டியபோது முதலில் படித்துவிட்டு வந்து கிளாடிஸிடம் சொன்னது பிரகாசம்தான். "இனிமே நமக்கு வியாதி வந்தாலும் கவலை இல்ல கிளாடி. கவர்ன்மென்டே வந்து நாடி பிடிக்கும்" என்று சிரித்தார்.

மருந்தக டாக்டர் மார்பில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு க்ஷயரோகம் என்றார். அடையாற்று விடுதிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கிளாடிஸ் பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிப் போனாள்.

அங்கே இருந்த டாக்டர் நல்லவர். படுக்கை ஒன்று காலியாகவும் இருந்தது. "தானே சாப்பிடுவாரா?" என்று கேட்டார்.

கிளாடிஸ் உண்மையைச் சொன்னாள். "ஊட்டினாத்தான் டாக்டர். அதுவும் சில நாள் வாயைத் திறக்கறதில்ல. நான் எதுக்கு இருக்கேன்னு கேக்கறார். முந்தாநாள் கெணத்தடியில போய் ரொம்ப நேரம் நின்னார்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அம்மா, பின்னாடி ஆறு ஓடுது. வேலி கெடையாது. நூறு நோயாளிக்கு ரெண்டு நர்ஸு. இவர் எழுந்து போனா யார் பதில் சொல்றது? முதல்ல மனசைச் சரிபண்ணிட்டு வாங்க."

மறுவாரம் கிண்டி. மாம்பலத்தில் ரயில் ஏறி, இறங்கி, வெயிலில் நடந்தார்கள். அந்த விடுதியில் டாக்டர் வாயைத் திறப்பதற்குள் பிரகாசம் இருமினார். டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"ஒரே கூடத்துல நாப்பது பேர் படுக்கறாங்க. பாய்க்கும் பாய்க்கும் ஒரு சாண். இவரை உள்ளே விட்டா நாப்பது பேருக்கும் ஒட்டும். முதல்ல மார்பைப் பாத்துக்கிட்டு வாங்கம்மா."

இரண்டு டாக்டர்களும் சொன்னதில் தவறு எதையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

நிதி ஆபீசில் சுவாமிநாதன் என்ற குமாஸ்தா இருந்தார். மயிலாப்பூர்க்காரர், நெற்றியில் எப்போதும் பளிச்சென்று விபூதி. கிளாடிஸின் கையெழுத்தின்மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு. அவள் எழுதிய மனுக்களை மற்றக் குமாஸ்தாக்களிடம் தூக்கிக் காட்டுவார்.

"நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்கோ? ரிஜிஸ்தர்ல ஒரு அங்கத்தினருக்கு ஒரு வரி. ஒரு வரியில ஒரு வியாதி. அதுக்கு மேல எழுத எடம் கெடையாது."

"ஒரே ஆளுக்கு ரெண்டு வியாதி வராதா சார்?"

"வரும். பேஷா வரும். ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணு வரணும்."

"ஒண்ணை முடிக்க இன்னொண்ணு விடமாட்டேங்குதே?"

சுவாமிநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூன்று மாதமாக அவள் இதே கேள்வியோடு வந்துகொண்டிருந்தாள். அவருக்கும் மனசு கேட்கவில்லை. அவளைக் கொஞ்சம் சிரிக்கவைக்க நினைத்துச் சொன்னார்: "உங்காத்துக்காரர் ரெண்டு பேரா இருந்திருந்தா நேக்கு வேலை சுலபம், டீச்சர். ஒருத்தரை அடையாறு, ஒருத்தரைக் கிண்டின்னு அனுப்பிச்சுட்டு நிம்மதியா காபி சாப்பிடப் போயிருப்பேன்."

கிளாடிஸ் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நிதியின் விதிகள் அச்சிட்ட சிறு புத்தகத்தை எடுத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தாள். ஊழியரோடு ஒரே வீட்டில் வசித்து, அவர் சம்பாத்தியத்தையே நம்பியிருக்கும் உடன்பிறந்தவர்களையும் தனி அங்கத்தினராகச் சேர்க்கலாம் என்று பதினோராவது விதி சொன்னது. அத்தாட்சியாகப் பிறப்புச் சான்றோ, கிறிஸ்தவர்களானால் கோயிலில் வாங்கிய ஞானஸ்நானச் சான்றோ போதும்.

பங்குச் சாமியார் எதற்கு என்று கேட்கவில்லை. டீச்சர் கேட்டால் ஏதாவது மனுவுக்காகத்தான் இருக்கும். சவரிநாதன் என்ற பெயர், அதே அப்பா, அதே அம்மா, பிரகாசத்தின் சர்க்கார் வயதுக்கு இரண்டு வயது இளையவன். எல்லாம் அச்சடித்தாற்போல் பொருந்தியது. அன்று சாயங்காலம் ஜன்னலோரம் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினாள். முழுப் படிவத்திலும் ஒரே ஒரு சொல்தான் பொய். 'உறவு' என்ற கட்டத்தில் 'தம்பி' என்று எழுதினாள்.  மை காய்ந்ததும் படிவத்தை மடித்தாள்.

சுவாமிநாதன் படிவத்தைப் படித்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் படித்தார். பிறகு முத்திரையைக் குத்தினார்.

அடுத்து நடந்ததெல்லாம் சுலபம். பிரகாசத்தின் சீட்டோடு அடையாற்றுக்குப் போய், "மனசு இப்போ தேவலை டாக்டர்" என்றாள். படுக்கை அதற்குள் போய்விட்டிருந்தது. அது வரும்வரை திங்கட்கிழமைதோறும் வந்து ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். விலாவில் ஊசியைக் குத்திக் காற்றை ஏற்றி, நோய் பிடித்த நுரையீரலை மடக்கி ஓய்வில் வைக்கிற வைத்தியம். சவரிநாதன் சீட்டோடு போனபோது கிண்டியில் பழைய டாக்டர் மாற்றலாகியிருந்தார். புதியவரிடம், "பீடி இருமல்" என்றாள். பிரகாசம் ஆயுளில் பீடியைத் தொட்டவரல்ல. வியாழக்கிழமைகளில் கரண்டு வைப்பதென்று முடிவாயிற்று. தலையில் இரண்டு பக்கமும் தகடு வைத்து ஒரு கணம் மின்சாரம் செலுத்துவார்கள். உடம்பு வெட்டி இழுக்கும். தூங்கி எழுந்தால் மனசின் பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்றார்கள். அன்று மாலையே வீட்டுக்குக் கூட்டிப் போய்விடலாம்.

முதல் வியாழனன்று ரயிலில் அவள் மெதுவாகச் சொன்னாள். "அங்க உங்களை சவரிநாதன்னு கூப்பிடுவாங்க. கூப்பிட்டா எழுந்திருக்கணும், என்ன?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி அவர் கேட்டார்: "அப்போ பிரகாசம் எங்கே?"

"வீட்டுல இருக்கார்."

"குடுத்து வெச்சவன்" என்றார். அந்த வாரம் முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான்.

திங்கள் மார்பு, வியாழன் மனசு. கிளாடிஸ் பள்ளிக்கூடத்தில் அரைச் சம்பள லீவில் அலைந்தாள். அடையாற்றுப் பாலத்தடியிலிருந்து விடுதிவரை அன்வர் பாஷா என்ற ரிக்‌ஷாக்காரர்தான் வாடிக்கை. "இன்னாம்மா, சாரு வெயிட்டே இல்லியே. காலி வண்டி இஸ்துக்கினு போற மாரி கீது" என்பார். பிறகு சொன்னது தப்போ என்று தோன்றி, "ஊசி போட்டா தேறிடுவாரு. எம் மச்சான் தேறினான்" என்று சேர்த்துக்கொள்வார்.

நாலாவது கரண்டுக்குப் பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை காலை, பிரகாசம் தானாக எழுந்து வாசலுக்கு வந்தார். "கிளாடி, பசிக்குது" என்றார். அவள் கையிலிருந்த பாத்திரம் நழுவியது. பழைய சோறும் நெத்திலிக் கருவாடும் வைத்தாள். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு பத்தல" என்றார். பியாட்ரிஸ் சுவருக்கு அப்பால் அதைக் கேட்டு, "பாத்தியா, குத்தம் சொல்றான். எம் தம்பி வந்துட்டான்" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

கிளாடிஸ் அன்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு பாடமும் நடத்தவில்லை. படம் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டாள். அந்த ஒரு நாள் அவள் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். அவள் நம்பியதற்கு நியாயமும் இருந்தது. மனசின் பாரம் இறங்கினால் சாப்பாடு ஏறும், சாப்பாடு ஏறினால் மார்பு தேறும். இரண்டும் ஒரே உடம்பில்தானே இருக்கின்றன. இது அவளுக்குப் புரிந்தது, இரண்டு விடுதிகளுக்கும்தான் புரியவில்லை என்று நினைத்தாள். அவளுக்கும் பாதிதான் புரிந்திருந்தது.

ஐந்தாவது வியாழன். தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருந்தவளை நர்ஸ் ஓடிவந்து கூப்பிட்டாள். உள்ளே மேஜையில் பிரகாசம் ஒருக்களித்துக் கிடந்தார். சட்டை, விரிப்பு, நர்ஸின் கை, எல்லாம் ரத்தம். உடம்பு வெட்டி இழுத்த இழுப்பில் மார்புக்குள் எதுவோ கிழிந்துவிட்டிருந்தது. மூச்சு கோழை கட்டிய குழாய் மாதிரி சத்தம் போட்டது.

அன்று முறையில் இருந்த டாக்டர் உமர் ஃபாரூக் திருவல்லிக்கேணிக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. சட்டையைக் கிழித்துத் தள்ளிவிட்டு விலாவைப் பார்த்தார். வரிசையாக ஊசித் தடங்கள். கையை எடுக்காமலே கேட்டார்:

"இது மார்பு விடுதியில போடற ஊசி. நான் ரெண்டு வருஷம் அங்கேதான் இருந்தேன். இந்தச் சவரிநாதன் சீட்டுல மனசு வியாதி மட்டும்தானே எழுதியிருக்கு?"

கிளாடிஸ் பிரகாசத்தின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். 

"டீச்சரம்மா, இப்போ நீங்க சொல்றதை வெச்சுத்தான் நான் வைத்தியம் பண்ணணும்."

"அவர் பேர் பிரகாசம்" என்றாள். "ரெண்டு பேர் இல்ல டாக்டர். ஒருத்தர்தான்."

அவர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவர் ரத்தத்தை நிறுத்துவதிலேயே இருந்தார். பிறகு கை கழுவிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"கரண்டு வெக்கறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சிருந்தா வெச்சிருக்க மாட்டோம்."

"தெரியும் டாக்டர். அதனாலதான் சொல்லல. சொல்லியிருந்தா நீங்க உள்ளேயே விட்டிருக்க மாட்டீங்க."



மூன்று நாள் கழித்து டாக்டரே ஒரு யோசனை சொன்னார். விடுதியின் பின்கட்டில் பாய்களைப் போட்டுவைக்கும் அறை ஒன்று தனியாக இருந்தது. அதைக் காலி செய்து பிரகாசத்தை அங்கே வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருமுறை மார்பு டாக்டர் இங்கே வரட்டும். அவரோடு பேசியாகிவிட்டது, சம்மதித்துவிட்டார். மனசுக்குத் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கரண்டு வேண்டாம், பேச்சும் பொறுமையும் மருந்தும் போதும். ஒரு நோயாளி, ஒரு கோப்பு. நிதியின் கமிட்டி ஒப்புக்கொண்டால் இவரைப் போல இன்னும் எத்தனையோ பேருக்கு வழி பிறக்கும்.

"ஆனா உண்மை முழுக்க உங்க கையால எழுதித் தரணும்" என்றார். "அதை மறைச்சு நான் கேக்க முடியாது."

கிளாடிஸ் எழுதினாள். வாழ்க்கையில் அவள் எழுதிய எல்லா மனுக்களிலும் அதுதான் சிறந்தது. கேட்காததையும் எழுதினாள். செருப்பு, கிணற்றடி, பீடி என்று சொன்ன பொய், வெள்ளிக்கிழமைச் சோறு, ஒன்றையும் விடவில்லை. சுவாமிநாதன் ஒரு வேடிக்கைக்குச் சொன்னதை மட்டும் எழுதவில்லை.

ஆடி மாதம் கமிட்டி கூடியது. பனகல் பூங்கா மாடி வீட்டில் நீண்ட மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். தலைவர் பென்ஷன் வாங்கிய பெரிய உத்தியோகஸ்தர். வெற்றிலைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்திருந்தார். வாசலில் சுவாமிநாதன் அவள் காதருகே வந்து, "என் பேரை எழுதிட்டேளா?" என்றார். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். அவர் "பகவானே" என்றார்.

தலைவர் அவள் மனுவை மேஜையில் வைத்து, உள்ளங்கையால் நீவினார். "என்ன அழகான கையெழுத்து. இந்தக் கையா அம்மா பொய் எழுதிச்சு?"

"ஆமாம், ஐயா."

"அங்கத்தினர் வேணும்னே பொய்த் தகவல் கொடுத்தா அங்கத்தினர் உரிமை போயிடும். விதி இருக்கு, படிச்சிருப்பீங்களே?"

"இருபத்திரண்டாவது விதி, ஐயா. படிச்சேன். அந்த விதிப்படி என்னைத் தண்டிங்க. அவர் எதுவும் எழுதல. அவருக்கு அந்த அறையைக் குடுங்க."

உமர் ஃபாரூக் எழுந்தார். பத்து நிமிஷம் பேசினார். க்ஷயரோக விடுதியில் எத்தனை பேர் துக்கத்தால் சாப்பாட்டை வெறுத்துச் செத்தார்கள், மனநோய் விடுதியில் எத்தனை பேர் யாரும் கேட்காத இருமலால் செத்தார்கள் என்று சொன்னார். நிதி செலவழிப்பதெல்லாம் பாதி மனிதனுக்காக என்றார். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"உட்காருங்க டாக்டர்" என்றார் தலைவர், கோபமில்லாமல். "நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா நிதிக் கணக்குல மார்புச் செலவுக்கு ஒரு இனம் இருக்கு. மனசுக்கு ஒரு இனம் இருக்கு. ரெண்டும் சேர்ந்ததுக்கு நிதியில இனம் இல்லையே? அந்த அறையை நான் எதன் கீழ காட்டறது?"

"புதுசா ஒரு இனம் ஏற்படுத்தலாமே, சார்."

"அதுக்கு மேலிடத்துக்கு எழுதணும். சுதந்திரம் வரப்போற நேரம். அங்கே இப்போ யார் இருக்கா, யார் போறா, ஒண்ணும் தெரியாது." வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினார். "போலீசுக்குப் போகல. டீச்சர் உத்தியோகத்துக்குப் பங்கம் வரக்கூடாதுன்னு பாக்கறோம். அவ்வளவுதான் எங்களால ஆகும்."

இரண்டு சீட்டுகளும் ரத்தாயின. பிரகாசத்தை மறுநாளே கிண்டியிலிருந்து கூட்டிப் போகச் சொன்னார்கள். அதுவரை அவரை வைத்திருந்த அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துப் போட்ட பாய்களை ஆட்கள் மறுபடி உள்ளே அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

அவள் விஷயத்தால் நிதியில் ஒரே ஒரு மாற்றம் வந்தது. அடுத்த மாதத்திலிருந்து ஒவ்வொரு அங்கத்தினரும் சீட்டில் போட்டோ ஒட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். பாண்டி பஜாரில் போட்டோ ஸ்டுடியோ வாசலில் கிடங்கு ஊழியர்கள் வரிசையில் நின்றார்கள்.

உமர் ஃபாரூக் ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் சாந்தோமுக்கு வந்தார். சட்டப்படி அவர் வரக்கூடாது, வந்தார். மார்பைப் பார்ப்பார். பிறகு கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பார். கடற்கரையில் வலை இழுப்பதைப் பற்றி, தன் அம்மா அன்வரி பேகம் வீட்டுக் கோழிகளுக்குப் பெயர் வைத்துக் கூப்பிடுவதைப் பற்றி. பிரகாசம் பதில் சொல்வதில்லை. ஆனால் டாக்டர் வரும் நாளில் ஒரு டம்ளர் கஞ்சி உள்ளே போகும். பியாட்ரிஸ் சனிக்கிழமையே வாசலைப் பெருக்கிவைத்தாள். "அந்த டாக்டர் புள்ளை வந்தா இவன் கண்ணுல இன்னாவோ ஒண்ணு தெரியுது. நான் பாத்தேன்" என்றாள்.

கார்த்திகையில் டாக்டரைச் சேலத்துக்கு மாற்றினார்கள். கமிட்டியில் குரலை உயர்த்தியதற்காகவா, வழக்கமான மாற்றலா, அவருக்கே தெரியவில்லை. கடைசி ஞாயிறன்று வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். "அங்கே இருந்து எழுதறேன். மறுபடியும் கமிட்டிக்கு எழுதறேன்" என்றார். எழுதவும் செய்தார். கமிட்டியின் பதில், கடிதம் கிடைத்தது என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

1948 சித்திரையில் சுவாமிநாதன் ஒரு நாள் பத்திரிகையோடு சாந்தோமுக்கு வந்தார். சர்க்கார் தானியக் கட்டுப்பாட்டை எடுத்தபின் கிடங்குகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. நிதியும் அவற்றோடு கரைந்துகொண்டிருந்தது. அவரும் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார். "டெல்லியில சட்டம் வந்துடுத்து டீச்சர். தொழிலாளிக்கு வியாதி வந்தா சர்க்கார் பொறுப்பு. தேசம் முழுக்க. பாருங்கோளேன்" என்று நீட்டினார்.

கிளாடிஸ் நின்றபடியே இரண்டு தரம் படித்தாள். "தொழிற்சாலைக்குத்தான் சார். கிடங்கு இதுல வராது."

"வருங்காலத்துல வரலாமே."

"வரலாம்" என்றாள். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் படுத்திருந்தவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் வரேன்" என்று இறங்கிப் போனார்.

அன்று மத்தியானம் அவள் கஞ்சி கரைத்து ஆற்றி எடுத்துப்போனாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவரைத் தோளில் தாங்கி நிமிர்த்தினாள். அவர் எடையைத் தூக்குவதற்கு இப்போது பியாட்ரிஸின் உதவி வேண்டியிருக்கவில்லை.

"ஒரு வாய் குடிங்க."

அவர் உதடு திறக்கவில்லை.

"உப்புப் போட்டிருக்கேன். நீங்க சொன்ன மாதிரி."

கண் அவள்மேல் ஒரு கணம் நின்றது. பிறகு அவளைக் கடந்து சுவருக்குப் போயிற்று. அவள் டம்ளரை உதட்டில் வைத்தாள். கஞ்சி தாடையில் வழிந்தது. துடைத்தாள். மறுபடி வைத்தாள். எத்தனை தரம் என்று அவள் எண்ணவில்லை. கடைசியில் ஒரு வாய் உள்ளே போயிற்று. போனதும் இருமல் வந்து அதை வெளியே தள்ளியது, கஞ்சியோடு சிவப்பாகவும் கொஞ்சம்.

அவரைப் படுக்கவைத்துவிட்டு, டம்ளரோடு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் சாப்பிடவில்லை. அவர் வாய் பட்ட டம்ளரைத் தனியாக வைக்க வேண்டும், கொதிநீர் ஊற்றிக் கழுவ வேண்டும் என்று அடையாற்றில் சொன்னதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். மீதிக் கஞ்சியை அதே டம்ளரில் அவள் குடித்து முடித்தாள்.